திப்பு சுல்தானின் இல்லமும் நம் கொங்கு மண்ணும்

ஷஹீத் திப்பு சுல்தான் (ரஹ்) அவர்களைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படாத ஆண்டில்லை. வாளும் ஏவுகணையும் புலியும் பேசப்படுகின்றன. ஒரு மகனாக, கணவராக, தகப்பனாராக அவர் வாழ்ந்த வாழ்வு பேசப்படுவதில்லை. அப்படியே பேசப்பட்டாலும், பகவான் கித்வானி 1976-இல் எழுதிய நாவலையும், அதைத் தழுவி 1990-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய தொடரையும் வைத்தே பேசுகின்றனர். நாவலின் காட்சிகளை வரலாறு என்று சொல்வது சுல்தானுக்கு நாம் செய்யும் நன்மையாகாது.

அவர் துஆவால் கிடைத்த பிள்ளை. ஹைதர் அலியும் பாத்திமா பக்ருன்னிஸாவும் ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவ்லியா அவர்களின் தர்காவை ஜியாரத் செய்து, பிறந்த மகனுக்கு அப்பெரியாரின் பெயரையே சூட்டினர். எழுதப் படிக்கத் தெரியாத ஹைதர், மகனை ஆலிம்களிடம் ஒப்படைத்துக் கற்பித்தார்.

நிக்காஹ் 1774-இல் நடந்தது. தகப்பனார் தேர்ந்தெடுத்தது ஆற்காட்டு இமாம் சாஹிப் பக்ஷியின் மகளை. வீட்டுப் பெண்கள் தேர்ந்தெடுத்ததோ லாலா மியானின் மகள் ருகையா பானுவை. இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே இரவில் இரண்டு நிக்காஹும் நிறைவேறின! சம்பந்தம் பேசும் நம் வீடுகளில் இன்றும் நடக்கும் இழுபறிதான். அரண்மனையும் அதற்கு விலக்கன்று.

அந்த ருகையா பானுவின் உடன்பிறந்தவரே தளபதி புர்ஹானுத்தீன். 1790-இல் ஜெனரல் மெடோஸ் கோவையைக் கைப்பற்றியபின், சுல்தான் கஜலஹட்டிக் கணவாய் வழியாக இறங்கி, சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் படையைத் தாக்கினார். செப்டம்பரில் நடந்த அப்போரில் புர்ஹானுத்தீன் ஷஹீதானார். நம்மூரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள சத்தியமங்கலம், சுல்தானின் குடும்பத்திற்கு ஒரு மைத்துனரை இழந்த மண். அடுத்த ஆண்டு நவம்பரில் கோவைக் கோட்டை கமருத்தீன் கான் தலைமையில் மீட்கப்பட்டது. அக்கோட்டையின் பெயரையே நம் கோட்டைமேடு தாங்கி நிற்கிறது.

மீட்ட மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1792 பிப்ரவரியில் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்தபோது ருகையா பானு வஃபாத்தானார். அதே மாதம் 26-ஆம் நாள், சுமார் பத்து வயதான அப்துல் காலிக், எட்டு வயதான முயிஸுத்தீன் ஆகிய இரு மைந்தர்களையும் சுல்தான் பிணையாக அனுப்பினார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் இழப்பீட்டிற்கும் பாதி நாட்டிற்கும் அப்பிள்ளைகள் ஜாமீன். குழந்தைகளை அன்போடு ஏற்கும் காரன்வாலிஸை ஆங்கில ஓவியர்கள் பலமுறை தீட்டினர்.  சென்னையில் வைக்கப்பட்ட மைந்தர்கள் திரும்பியது 1794-இல்தான்.

அவர் மனத்தில் ஓடியதை அறிய ஒரு சான்று உண்டு. 1785 முதல் 1798 வரை தாம் கண்ட 37 கனவுகளை சுல்தான் தம் கைப்படப் பாரசீகத்தில் எழுதி, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். 1799 மே 4-இல் அவர் ஷஹீதான பின்னரே அது படுக்கையறையில் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. ஒரு கனவில் மூன்று வெள்ளித் தட்டுகளில் பேரீச்சம் பழங்கள் வருகின்றன. மூன்று எதிரிகளின் நாடுகள் தம் வசமாகும் என்று அதற்குப் பொருள் எழுதினார். ஆசையையும் கவலையையும் மறைக்காத ஏடு அது.

மறைக்கக் கூடாதது இன்னொன்றும் உண்டு. வெற்றி பெற்றோர் கணக்கெடுத்தபோது மஹல்களில் சுமார் 600 பெண்கள் இருந்தனர். ஹைதரின் குடும்பத்தினரும் பணிப்பெண்களும் சேர்ந்த எண்ணிக்கைதான். ஆயினும் அக்கால அரசர்களின் வழக்கத்திலிருந்து சுல்தான் விலகி நின்றார் என்று நாம் சொல்ல முடியாது.

குடும்பம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1806 ஜூலை 9-இல் சுல்தானின் மகள் ஒருவருக்கு அங்கே நிக்காஹ். மறுநாள் விடியுமுன் சிப்பாய்ப் புரட்சி வெடித்தது. பழி மைந்தர்கள் மேல் விழ, அவர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே கடைசி மைந்தர் குலாம் முஹம்மது, தர்மதலாவில் தந்தையின் பெயரால் 1842-இல் பள்ளிவாசல் எழுப்பி, வக்ஃபும் ஏற்படுத்தினார். அப்பள்ளியில் இன்றும் ஐவேளை பாங்கு ஒலிக்கிறது.