தீக்குச்சி தின்ற தாடை

எதில் உரசினாலும் தீக்குச்சி பற்றிக்கொள்ள வேண்டும் என்று 1830களில் அதன் மருந்தில் வெள்ளை பாஸ்பரஸ் சேர்த்தார்கள். தீ உடனே வந்தது. கூடவே ஒரு நோயும் வந்தது. 1845ல் வியன்னா மருத்துவர் லோரின்சர் அதைப் பற்றி எழுதினார்.

முதலில் சாதாரணப் பல்வலிதான். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. ஈறு வீங்கும், கன்னத்தில் துளை விழுந்து சீழ் வடியும். பக்கத்தில் யாரும் உட்கார முடியாத அளவுக்கு நாற்றம் வேறு! பாஸ்பரஸ் ஆவியால் தாடை எலும்பு செத்துப்போக, வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதில் குடியேறிவிடும். செத்த எலும்பில் ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் இன்றைய ஆன்டிபயாடிக்கூட அங்கே போய்ச் சேராது. வெட்டி எடுத்தே ஆக வேண்டும்.

சரி, தாடையை எடுத்துவிட்டால் எப்படிச் சாப்பிடுவது? எப்படிப் பேசுவது?

1856ல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் ஜேம்ஸ் ரஷ்மோர் வுட் என்ற அறுவை மருத்துவர் இதற்கு ஒரு வழி காட்டினார். நோயாளி தீப்பெட்டி அடுக்கும் வேலை பார்த்த 16 வயதுப் பெண். அவளுடைய கீழ்த்தாடை முழுவதையும் வுட் எடுத்தார். ஆனால் எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வை மட்டும் கவனமாக உரித்து உள்ளேயே விட்டுவிட்டார். பழத்தை எடுத்துக்கொண்டு தோலை விட்டுவைத்த மாதிரி! புது எலும்பை உண்டாக்கும் செல்கள் அந்தச் சவ்வில்தான் இருக்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக அங்கே புது எலும்பு வளர்ந்தது. பல் இல்லாத தாடைதான், ஆனாலும் தாடை. கிருமியைக் கொல்ல ஒரு மருந்தும் இல்லாத காலத்தில் இது நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தச் சவ்வும் அழுகிப்போனவர்களுக்கு நெடுங்காலம் வழியில்லை. முதல் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு இடுப்பெலும்பை வெட்டி வைத்துப் பார்த்தார்கள். 1989ல் ஹிடால்கோ என்ற மருத்துவர் காலில் இருக்கும் ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து, தாடை வடிவில் வளைத்துப் பொருத்திய முறையை வெளியிட்டார். ரத்தம் ஓடும் எலும்பு என்பதால் அது கிருமியைத் தாங்கும். இன்றும் பெரிய குறைகளுக்கு இதைத்தான் அதிகம் செய்கிறார்கள்.

வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியை ஒழிக்க 1906ல் பெர்ன் நகரில் ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியாவில் 1913ல் தடைச் சட்டம் வந்தது. (சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1920களில். தப்பித்தது சிவகாசி!)

நோய் ஒழிந்தது என்று நினைத்திருந்தபோது, 2003ல் மயாமி மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் அதே போன்ற தாடைகளைப் பார்த்தார். பல் பிடுங்கிய இடம் ஆறவில்லை, எலும்பு வெளியே தெரிந்தது. அவர்கள் யாரும் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவர்கள் இல்லை. எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுத்துக்கொண்டவர்கள். அந்த மருந்திலும் இருக்கிறது பாஸ்பரஸ்.