ஃப்ரீஸ்: உறைந்த விலையும் மூழ்கிய குஞ்சுகளும்

ஆங்கிலத்தில் ஃப்ரீஸ் என்று ஒரே சொல்தான். தமிழிலோ அந்த வேலையைப் பல சொற்கள் பங்குபோட்டுக் கொள்கின்றன. தண்ணீர் உறைகிறது. குளிரில் விரல் விறைக்கிறது. வங்கிக் கணக்கை முடக்குகிறார்கள். கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டால் மட்டும் "ஹேங் ஆயிடுச்சு" என்று இன்னொரு ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்குவது வழக்கம்!

வணிகவியலில் இந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. விலையையும் சம்பளத்தையும் இருக்கிற இடத்திலேயே நிறுத்தி வைப்பதும் ஃப்ரீஸ்தான். ஒரு பெரிய நாடே அப்படிச் செய்து பார்த்த கதை இது.

1971 ஆகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்க அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றினார். டாலருக்குத் தங்கம் தருவது நிறுத்தப்பட்டது. இறக்குமதிக்கு 10 சதவீதக் கூடுதல் வரி போடப்பட்டது. இவற்றோடு, 90 நாட்களுக்கு விலைகளும் சம்பளமும் உயரக்கூடாது என்றார். பொருளாதாரப் புத்தகங்கள் தங்கத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. ஆனால் கடைக்குப் போகிறவருக்கு முக்கியம் விலைதானே? போர் இல்லாத காலத்தில் அமெரிக்கா இப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், இளம் வழக்கறிஞர் நிக்சன் விலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார். அந்த அனுபவம் அவருக்குக் கட்டுப்பாடுகள் மேல் வெறுப்பைத்தான் தந்தது. ஆனால் 1972-இல் தேர்தல் வந்துகொண்டிருந்ததே! அறிவிப்புக்கு மறுநாள் டவ் ஜோன்ஸ் குறியீடு 32.93 புள்ளிகள் ஏறியது, ஒரே நாளில் அதுவரை காணாத ஏற்றம். தேர்தலில் 50 மாநிலங்களில் 49 நிக்சனுக்கே.

1973-இல் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் விலைகள் எகிறின. மறுபடியும் ஃப்ரீஸ் செய்யலாம் என்றார் நிக்சன். ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது என்று பொருளாதார ஆலோசகர் ஹெர்பர்ட் ஸ்டெய்ன் எச்சரித்ததாகவும், ஆறு உறைந்திருந்தால் முடியுமே என்று நிக்சன் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. பதில் சாமர்த்தியமானதுதான். ஆனால் ஆறு உறையவில்லை.

ஜூன் 13 அன்று விலைகள் 60 நாட்களுக்கு நிறுத்தப்பட்டன. கடையில் கோழி விலை நின்றது. கோழி தின்னும் சோளமும் சோயாவும் விவசாயி நேரடியாக விற்கும் விளைபொருட்கள், அவற்றுக்கு விலக்கு. தீவன விலை ஏறிக்கொண்டே போனது. குஞ்சை வளர்த்து விற்றால் நஷ்டம், வளர்க்காவிட்டால் நஷ்டம் குறைவு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த டெக்சாஸ் பண்ணைக்காரர்கள் சுமார் 43,000 குஞ்சுகளைப் பீப்பாய்களில் மூழ்கடித்தார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த மக்கள் அதிர்ந்து போனார்கள். ஜூலையிலேயே உணவு விலைகளை விடுவித்தார்கள், மாட்டிறைச்சியைத் தவிர. விலை விடுபடட்டும் என்று மாடு வளர்ப்பவர்கள் மாடுகளை விற்காமல் வைத்துக்கொள்ள, இறைச்சிக் கடைகளில் தட்டுப்பாடு வந்தது.

1974 ஏப்ரலில் அந்தச் சட்டம் காலாவதியானது. அந்த ஆண்டு அமெரிக்காவில் விலைவாசி சுமார் 11 சதவீதம் ஏறியது (பெட்ரோல் நெருக்கடிக்கும் அதில் பங்கு உண்டு). எண்ணெய் விலைக் கட்டுப்பாடு மட்டும் ஏதோ ஒரு வடிவில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1981 ஜனவரியில் ரீகன் வந்துதான் அதை எடுத்தார்.