பாடியவரும் கேட்டவரும்: கச்சேரிப் படங்களின் கதை



உயர்தர வகுப்பிலே சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாதவி ஆடிய அரங்கை இளங்கோவடிகள் அளந்தே காட்டிவிடுகிறார். எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம். மூன்றுவகை எழினி. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி ஏற்றிவைத்த விளக்கு. குழலோனுக்கும் யாழாசிரியனுக்கும் தண்ணுமை முதல்வனுக்கும் தனித்தனி இலக்கணம். அரசன் அளித்த பரிசு 1008 கழஞ்சு பொன். இவ்வளவையும் விளக்கி முடித்தபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், மேடையின்ரை அளவெல்லாம் தெரியுது. ஆனா, அவ எப்பிடி ஆடினவ எண்டு தெரியேல்லையே?"

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாணவன் கேட்டதில் நியாயம் உண்டு. சிற்பமும் ஓவியமும் ஏடும் ஆக்கியவன் மறைந்த பின்னும் நிற்கின்றன. ஆடலும் பாடலும் நிகழும்போதே கரைந்து போகின்றன. பின்னாளில் இசைத்தட்டு வந்து குரலைக் காத்துத் தந்தது. பாடியவரின் முகத்தையும் வாசித்தவரின் கையையும் அந்த இரவையும் காத்துத் தருவதற்குக் கமரா வரவேண்டியிருந்தது. அவ்வாறு காத்துத் தந்த படங்களின் வரலாற்றையே இன்று எடுத்துக்கொள்கிறேன். அவற்றைக் கச்சேரிப் படங்கள் என்று அழைப்போம். நமது நாட்டிலே கச்சேரி என்றதும் சிலருக்கு அரசாங்க அதிபர் பணிமனைதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது பாட்டுக் கச்சேரியை.

நமது திரைப்படங்களிலும் பாட்டு நிறைய உண்டு. ஆனால் அங்கே ஒருவர் முன்னரே பாடிவைத்த பாட்டுக்கு வேறொருவர் வாயசைக்கிறார். கச்சேரிப் படத்திலே கதை இல்லை, பாடுபவரே பாடுகிறார், கேட்பவர் உண்மையில் அங்கே இருந்து கேட்கிறார். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். இசைத்தட்டுப் பாட்டைக் காத்தது. கச்சேரிப் படம் பாட்டோடு சேர்த்துக் கேட்டவரையும் காத்தது.

எங்கள் ஊர்ப் படமாளிகைக்கு இத்தகைய படங்கள் வந்ததில்லை. கனடாவில் இருக்கும் என் தமக்கையின் மகன் அனுப்பிய இறுவட்டுகளிலேயே இவற்றுட் பலவற்றைக் கண்டேன்.

இவ்வகைப் படங்களுக்கு முன்னோடியாக 'ஜாஸ் ஒன் எ சமர்ஸ் டே' என்ற அமெரிக்கப் படத்தைக் கூறுவர். 1958 ஜூலையில் நியூபோர்ட் நகரில் நடந்த ஜாஸ் இசை விழாவைப் பேர்ட் ஸ்டேர்ன் என்ற இளம் நிழற்படக் கலைஞர் வண்ணத்தில் படமாக்கினார். படம் 1959 இல் வெளிவந்தது. அவர் நிழற்படக் கலைஞர் என்பதாற்போலும், மேடையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. காலால் தாளம் போடும் பெண்ணையும், ஐஸ்கிறீமை மறந்து வாய்பிளந்து நிற்பவரையும் தேடிப் பிடித்தார். பாடகி மஹாலியா ஜாக்சன் பிரார்த்தனைப் பாடலுடன் முடிக்கையில், கேட்பவர் முகங்களும் கோயிலில் நிற்பவர் முகங்களாக மாறிவிடுகின்றன.

அக்காலத்துக் கமராக்கள் பாரமானவை, இரைச்சல் மிக்கவை. 1960களின் தொடக்கத்தில், தோளில் வைத்துக்கொண்டு நடக்கத்தக்க கமராவும், அதனோடு ஒத்த வேகத்தில் ஓடும் ஒலிப்பதிவுக் கருவியும் கைக்கு வந்தன. படப்பிடிப்பாளர் மேடையோரம்வரை சென்று வியர்வைத் துளியையும் பிடிக்கலாம் என்ற நிலை அப்போதுதான் ஏற்பட்டது. ஆயினும் ஒரு தொல்லை இருந்தது. 16 மில்லிமீற்றர்ப் படச்சுருள் ஒன்று ஏறக்குறைய 11 நிமிடங்களில் தீர்ந்துவிடும். பாட்டு அதற்காகக் காத்திராது. ஆகவே பல கமராக்கள் வேண்டியிருந்தன. ஒன்று சுருள் மாற்றும்போது இன்னொன்று ஓடும்.

இந்தப் புதிய கருவிகளில் தேர்ந்தவர் டி.ஏ. பென்னிபேக்கர். 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மொன்டரே நகரில் நடந்த பொப் இசை விழாவை அவர் படமாக்கினார். தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட படம் அங்கே நிராகரிக்கப்பட்டு, 1968 இல் 'மொன்டரே பொப்' என்ற பெயரில் திரையரங்குகளுக்கு வந்தது. இந்தப் படத்தின் இறுதிப் பகுதி நமக்கு உரிமையானது. பண்டிதர் ரவிசங்கர் சித்தாரும் அல்லா ரக்கா தபேலாவும் வாசிக்கிறார்கள்.

விழாவின் கடைசி நாளான ஞாயிறு பிற்பகலில் ரவிசங்கர் வாசித்தார். அன்றிரவு ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தமது கிற்றாருக்கு மேடையிலேயே தீ மூட்டினார். வாத்தியத்தைத் தெய்வமெனப் போற்றும் மரபில் வந்த ரவிசங்கரின் மனத்தை அந்தக் காட்சி மிகவும் புண்படுத்தியது. ஆயுத பூசையன்று வாத்தியத்துக்குப் பொட்டிட்டு வணங்கும் நமக்கு அவரது வேதனை எளிதில் விளங்கும். படத்திலோ வரிசை மாறியிருக்கிறது. இரவில் நடந்த தீ முன்னே வருகிறது. பிற்பகலில் வாசித்த இராகம் கடைசியில் வருகிறது. அந்த வாசிப்பின் பதினெட்டு நிமிடமளவான பகுதியே படத்தில் உண்டு. அதன் தொடக்கத்தில் சித்தாரின் ஒலி கேட்கிறது. வாசிப்பவரை நெடுநேரம் காணோம். வெயிலில் படுத்திருக்கும் இளைஞரையும், கதைத்துக்கொண்டு போகிறவர்களையும், பின் மெல்ல மெல்லச் செவிசாய்ப்பவர்களையுமே கமரா காட்டுகிறது. பிறகுதான் விரல்கள். முடிவில் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கிறது. அறியாத இசை ஒன்று அறியாத மனிதரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

இவ்வகைப் படங்களின் செல்வாக்கை உலகறியச் செய்தது 'வூட்ஸ்டொக்'. 1969 ஓகஸ்ட் நடுப்பகுதியில், நியூயோர்க் மாநிலத்தின் பெதல் என்ற ஊரில் ஒரு பாற்பண்ணை நிலத்தில் 4 இலட்சத்துக்கும் அதிகமானோர் கூடினர். மழை, சேறு, உணவுத் தட்டுப்பாடு. விழாவை நடத்தியவர்கள் பெருங்கடனில் விழுந்தார்கள். ஆனால் மைக்கல் வோட்லி இயக்கி 1970 இல் வெளிவந்த மூன்று மணிநேரப் படம் பெரும் பணத்தைக் குவித்ததோடு, சிறந்த விவரணப் படத்துக்கான ஒஸ்கார் விருதையும் பெற்றது. திரையை இரண்டாகவும் மூன்றாகவும் பகுத்து, ஒரு பாதியில் பாடகரையும் மறுபாதியில் மக்களையும் ஒருங்கே காட்டினார்கள். போகமுடியாத இலட்சக்கணக்கானோர் படமாளிகையில் ஒரு சிட்டை வாங்கிக்கொண்டு அந்தச் சேற்றில் தாமும் நின்றதாக உணர்ந்தார்கள். கச்சேரிப் படத்தின் மவுசுக்கு இதுவே காரணம். இந்த விழாவின் முதல்நாளிரவு மழையிலே ரவிசங்கர் வாசித்தார். ஆனால் படத்தில் அவர் இடம்பெறவில்லை. படத்தில் இல்லாததை உலகமும் மறந்துவிடுகிறது.

கமரா எப்போதும் களிப்பையே காணும் என்றில்லை. அதே ஆண்டு டிசெம்பர் 6 ஆம் திகதி கலிபோர்னியாவின் அல்டமொன்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் கச்சேரி நடந்தது. மேடையருகே காவலுக்கு நின்றவர்களில் ஒருவரால் 18 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கச்சேரியைப் படமாக்கிக்கொண்டிருந்த கமராவில் அதுவும் பதிவாகியது. 1970 இல் வெளிவந்த 'கிம்மி ஷெல்டர்' படத்தில், தொகுப்பு மேசையின் முன்னிருந்து அந்தக் காட்சியைப் பார்க்கும் பாடகர் மிக் ஜாகரின் முகத்தையும் காண்கிறோம். நீதிமன்றத்திலும் இப்படச்சுருள் சான்றாகக் காட்டப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தற்காப்பு என்ற வாதத்தில் விடுதலையானார்.

அடுத்துச் சொல்லவேண்டியது நமது அயலோடு தொடர்புடைய படம். 1970 நவம்பரில் கிழக்கு வங்காளத்தைச் சூறாவளி அழித்தது. 1971 மார்ச்சில் போர் மூண்டது. அகதிகள் இலட்சம் இலட்சமாக இந்தியாவுக்குள் வந்தார்கள். வங்காளக் குடும்பத்தவரான ரவிசங்கர், தம்மிடம் சித்தார் பயின்ற ஜோர்ஜ் ஹரிசனிடம் உதவி கேட்டார். 1971 ஓகஸ்ட் முதலாந் திகதி நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கில் இரண்டு காட்சிகள் நடந்தன. படம் 1972 இல் வந்தது. அதிலே ஒரு சிறு நிகழ்ச்சி. ரவிசங்கரும் சரோட் கலைஞர் அலி அக்பர் கானும் சுருதி சேர்க்கிறார்கள். அதையே கச்சேரியென எண்ணிச் சபை கைதட்டுகிறது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்ற பொருள்பட ரவிசங்கர் நயமாக ஒரு வார்த்தை சொல்கிறார். இசைத்தட்டிலும் அந்தக் கைதட்டல் உண்டு. அப்போது அவர் முகத்தில் தோன்றிய புன்னகை படத்திலேதான் உண்டு. கச்சேரியின் வருமானம் 243,418 டொலர் யுனிசெப் நிறுவனத்துக்குச் சென்றது. ஆனால் இசைத்தட்டாலும் படத்தாலும் வந்த பணம் வரிச்சிக்கலில் பல்லாண்டு முடங்கிக் கிடந்தது. துயரம் அவசரமானது, கோப்புகள் அப்படியல்ல.

பின்னர் இவ்வகைப் படங்கள் ஒரு கலையாகவே வளர்ந்தன. 1976 இல் நடந்த கச்சேரியொன்றை மார்ட்டின் ஸ்கோர்செசி முன்கூட்டியே எழுதிவைத்த திட்டப்படி படமாக்கி, 1978 இல் 'த லாஸ்ட் வோல்ட்ஸ்' என வெளியிட்டார். 1984 இல் வந்த 'ஸ்டொப் மேக்கிங் சென்ஸ்' படத்தில் இயக்குநர் ஜொனதன் டெமி, இறுதிக்கட்டம்வரை சபையோரைக் காட்டாமலே விட்டார். கேட்பவரை மறைத்தால், படமாளிகையில் இருப்பவரே கேட்பவர் ஆகிவிடுவார் என்பது அவர் உத்தி.

நேயர்களே, எடுத்த படங்கள் எல்லாம் நம்மை வந்தடைந்தனவா? இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன். 1972 ஜனவரியில் பாடகி அரீதா பிராங்க்ளின் லொஸ் ஏஞ்சலிஸ் தேவாலயம் ஒன்றில் இரண்டு இரவுகள் பாடினார். படமாக்கியவர் புகழ்பெற்ற இயக்குநர் சிட்னி பொலக். ஆனால் படத்தையும் ஒலியையும் பொருத்துவதற்கு அடையாளமாகப் பலகை தட்டும் வழக்கத்தை அங்கே கைக்கொள்ளாது விட்டுவிட்டார்கள். எந்த உதடு எந்தச் சொல்லைப் பாடுகிறது என்று பொருத்த முடியாமற் போயிற்று. கணினியின் துணையால் அது பொருந்திய பின்னும் பாடகி அதை வெளியிட உடன்படவில்லை. அவர் மறைந்த 2018 ஆம் ஆண்டிலேயே 'அமேசிங் கிரேஸ்' திரைக்கு வந்தது. 46 ஆண்டுகள்!

மற்றையது இன்னும் மனத்தை உறுத்துவது. வூட்ஸ்டொக் நடந்த அதே 1969 கோடையில், அங்கிருந்து சுமார் 100 மைல் தூரத்தில், நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களின் இசைவிழா ஆறு வார இறுதிகளில் நடந்தது. ஸ்டீவி வொண்டர், நீனா சிமோன், மஹாலியா ஜாக்சன் ஆகியோர் அங்கே பாடினர். கூடியவர்கள் ஏறக்குறைய 3 இலட்சம் பேர். ஹால் டல்சின் என்பவர் அதை ஒளிநாடாவிற் பதிவு செய்தார். விளக்குக்குப் பணமில்லாதபடியால், பிற்பகல் வெயில் முகத்தில் விழுமாறு மேடையை மேற்கு நோக்கி அமைத்தார்கள். தூணின் நிழல் விழாமல் விளக்கேற்றிய புகார் நகரத்தவரும் இவர்களும் ஒரே கவலையுடையவர்கள்தாம். சில பகுதிகள் அன்று தொலைக்காட்சியில் வந்ததோடு சரி. முழுப்படமாக்க முதலிட எவரும் முன்வரவில்லை. 40 மணிநேரப் பதிவு வீட்டு நிலவறையில் ஏறக்குறைய அரைநூற்றாண்டு கிடந்தது. டல்சின் 2017 இல் காலமானார். அந்நாடாக்களிலிருந்து உருவான 'சமர் ஒவ் சோல்' 2021 இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு ஒஸ்கார் விருது பெற்றது. படத்திலே ஒருவர் வருகிறார். அன்று சிறுவனாக அந்தப் பூங்காவில் நின்றவர். பழைய பதிவைப் பார்க்கப் பார்க்கக் கண்கலங்குகிறார். தாம் கண்டது கனவல்ல என்பது அவருக்கு அன்றுதான் உறுதியாயிற்று. ஒரே கோடையில் நடந்த இரு விழாக்களில் ஒன்று வரலாறாயிற்று. மற்றது ஒரு மனிதனின் நம்பமுடியாத நினைவாக எஞ்சியது. இரண்டுமே பதிவாகியிருந்தன. ஒன்றைப் பேணி வெளியிட ஆள் இருந்தது, மற்றதற்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று இவ்வகைப் படங்களுக்குக் கூட்டம் குறையவில்லை. 2023 ஒக்டோபரில் வெளியான டெய்லர் சுவிப்டின் கச்சேரிப் படம் உலகெங்கும் 26 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. படமாளிகைகளில் இளம்பெண்கள் எழுந்து நின்று கூடவே பாடினார்கள். திரைக்கு இப்பாலும் ஒரு கச்சேரி நடந்தது.

நமது பக்கம் திரும்புகிறேன். 1975 இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை என் தகப்பனார் இளமையிற் கோயில் வீதியிலே விடியவிடியக் கேட்டவர். ஒலிப்பதிவுகள் சில உண்டு. அம்ஷன் குமார் அவரைப்பற்றி எடுத்த விவரணப் படம் இந்தியத் தேசிய விருதும் பெற்றது. ஆனால் ஐயா எனக்குச் சொன்னது தவிலைப்பற்றி மட்டுமல்ல. பக்கத்தில் ஒரு கிழவர் இருந்தாராம். சால்வையை மடியில் போட்டு, இரவு முழுவதும் தாளம் பிசகாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாராம். தனி முடிந்ததும் கைதட்டவில்லையாம்; சால்வையால் கண்ணைத் துடைத்தாராம். அந்தக் கிழவரை எந்தப் பதிவிலும் நான் காணப்போவதில்லை.

இன்று திருவிழாவில் நாதஸ்வரக் கச்சேரி தொடங்கினால் நூறு கைத்தொலைபேசிகள் உயர்கின்றன. நல்லது. ஆனால் பதிவு செய்வது வேறு, பேணுவது வேறு என்பதை ஹார்லெம் நமக்குச் சொல்கிறது. இடப்பெயர்வுகளில் நாம் இழந்த ஒளிநாடாக்களுக்குக் கணக்கில்லை. தப்பியவை அலுமாரித் தட்டுகளிற் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. கோயில் திருவிழா, பாடசாலைக் கலைவிழா, கலியாணவீட்டு மேளக்கச்சேரி என எது இருந்தாலும், எறிவதற்கு முன் ஒருமுறை பிரதியெடுத்து வையுங்கள். வாசித்தவர் எவர், ஊர் எது, ஆண்டு எது என்று ஒரு துண்டில் எழுதியும் வையுங்கள்.

அந்த மாணவனுக்கு மறுநாள் பதில் சொன்னேன். "தம்பி, மாதவி ஆடினதைக் காட்ட என்னாலை ஏலாது. உங்கடை கோயில் திருவிழாவிலை இந்த முறை ஆர் வாசிக்கினம்? அதை நீ எடு. மேடையை மட்டும் எடாமல், கேக்கிற சனத்தையும் எடு."