கெட்டி அடித்தளக் காற்றுப் படகு

கண்ணாடியிழை அல்லது அலுமினியத்தாலான 'வி' வடிவ அடித்தளத்தைச் சுற்றிக் காற்றடைத்த குழாய்களைப் பொருத்திய விரைவுப் படகு. சுருக்கமாக ரிப் படகு. முழுதும் துணியும் ரப்பருமான பழைய காற்றுப் படகுகளின் அடிப்பகுதி அலையில் நெளிந்தது, கரையில் உரசித் தேய்ந்தது. வேல்ஸிலுள்ள அட்லாண்டிக் கல்லூரியில், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோரும் மாணவர்களும் 1960-களில் அவற்றுக்குப் பலகை அடித்தளம் கொடுத்துப் பார்த்ததில் பிறந்தது இவ்வகை. காப்புரிமையை ஹோர் பிரிட்டனின் உயிர்மீட்புப் படகு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார். அந்நிறுவனத்தின் அட்லாண்டிக் 21 படகு 1972-இல் பணிக்கு வந்தது.

அடித்தளம் அலையைப் பிளக்கிறது. குழாய்கள் மோதலைத் தாங்கிச் சாய்வைத் தடுக்கின்றன. குழாய் தனித்தனி அறைகளாகப் பிரிந்திருப்பதால் ஒன்று கிழிந்தாலும் படகு மிதக்கும். பெரிய கப்பலை உரசி அணையலாம் என்பதால் இந்தியக் கடற்படை கடற்கொள்ளைத் தடுப்பில் இதைப் பயன்படுத்துகிறது.

குழாயின் உயிர் துணியில் இருக்கிறது. நைலான் அல்லது பாலியெஸ்டர் துணிமீது செயற்கை ரப்பரோ பிவிசியோ பூசுவார்கள். காற்றழுத்தத்தில் நீளக் கூடாது என்பதால் திருப்பூர் வட்டாரத்துப் பின்னல் துணி இதற்கு ஆகாது. இறுக்கமாக நெய்த துணியே வேண்டும்.

மடித்துச் சுருட்ட முடியாதது இதன் குறை. 2015 சென்னை வெள்ளத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படை தெருக்களில் இறக்கியவை பெரும்பாலும் லாரியில் சுருட்டி ஏற்றக்கூடிய சாதாரணக் காற்றுப் படகுகளே.