வகுப்பறை வழியாக வந்த வாயு

நாம் இழுக்கும் மூச்சில் ஆக்சிஜன் 21 சதவீதம். மீதி ஏறக்குறைய முழுவதும் நைட்ரஜன். கரையில் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. கடலுக்கடியில் 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்காகிறது. அங்கே நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. அவசரமாக மேலேறினால் குமிழாகப் பொங்கி மூட்டுகளை வாட்டும், சில நேரம் தண்டுவடத்தையே முடக்கும். நைட்ரஜனைக் குறைத்து ஆக்சிஜனைக் கூட்டினால் அந்த ஆபத்து குறையுமே என்ற யோசனையில் பிறந்ததுதான் நைட்ராக்ஸ்.

1943இல் கிறிஸ்டியன் லாம்பர்ட்சன் இதை அமெரிக்கக் கடற்படைக்கு முன்மொழிந்தார். வெகுகாலம் அது பொழுதுபோக்காகக் கடலில் இறங்குபவர்களிடம் வரவில்லை. 1970களில் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவில் மார்கன் வெல்ஸ் அதற்கு முறையான நடைமுறை வகுத்தார். 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கான அட்டவணை 1979இல் நோவாவின் கையேட்டில் ஏறியது.

அங்கிருந்து விஞ்ஞானிகளல்லாத சாதாரண ஸ்கூபாக்காரர்களிடம் அதைக் கொண்டுபோனவர் நோவாவில் பணியாற்றிய டிக் ரட்கோவ்ஸ்கி. 1985இல் அதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கிப் பாடம் நடத்தினார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஹூஸ்டனில் நடந்த டைவிங் வணிகக் கண்காட்சியில் நைட்ராக்ஸ் பயிற்சியாளர்களுக்கு இடமில்லை என்றார்கள். கண்டனம் எழுந்த பிறகே இறங்கிவந்தார்கள். பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் 1992இல் தடை போட்டது.

அந்த எதிர்ப்புக்குப் பின்னிருந்த பயத்துக்கு அடிப்படை இருந்தது. அழுத்தத்தில் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரவழைக்கும் என்று பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர்ட் 1878லேயே எழுதிவிட்டார். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் மூச்சு தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவும், பிறகு மூழ்குவதுதான். முன்னறிகுறி இல்லாமலும் வரலாம். ஆனால் பொழுதுபோக்காகக் கடலில் இறங்குபவருக்கு எவ்வளவு ஆழம் பாதுகாப்பானது என்ற கணக்கு பிடிபடாது என்று நினைத்தது அநியாயம். பள்ளிக்கூட வகுத்தல்தான் அது. ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, 1.4 வளிமண்டலத்தைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. 1.4ஐ 0.32ஆல் வகுத்தால் 4.375, மேற்பரப்பு அழுத்தமான ஒன்றைக் கழித்துப் பத்தால் பெருக்கினால் 33.75 மீட்டர். 32 சதவீதக் கலவையோடு அதற்குக் கீழே போகக் கூடாது. 36 சதவீதம் என்றால் எல்லை 29 மீட்டரைக்கூடத் தொடாது. நைட்ராக்ஸ் இருந்தால் அதிக ஆழம் போகலாம் என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு; உண்மை நேர்மாறானது.

பலன் என்ன? 32 சதவீதக் கலவையோடு 30 மீட்டரில் இருப்பவர் உடலில் நைட்ரஜன் சேரும் வேகம், சாதாரணக் காற்றோடு சுமார் 24 மீட்டரில் இருப்பவருடையதுதான். அதே ஆழத்தில் கூடுதல் நேரம் தங்கலாம். அல்லது காற்றுக்குரிய நேரத்திலேயே மேலேறிப் பாதுகாப்பைக் கூட்டிக்கொள்ளலாம். நான் இரண்டாவதன் பக்கம்.

1994இல் பிரிட்டிஷ் கிளப் தடையை நீக்கியது. 1996இல் உலகின் பெரிய பயிற்சி நிறுவனமான பாடி (PADI) தன் பாடத்தோடு வந்து சேர்ந்தது. இன்று ஒரே நாளில் முடிந்துவிடும் பாடம் என்பதால் சான்றிதழ் அட்டை வாங்கினால் போதும் என்று பலர் அசட்டையாக உட்காருகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சிலிண்டர் வால்வை மெல்லத் திறந்து, ஆக்சிஜன் அளக்கும் அனலைசரில் எண் நிலைக்கும்வரை காத்திருந்து, சதவீதத்தையும் எல்லை ஆழத்தையும் ஒட்டுத்தாளில் எழுதிச் சிலிண்டரில் ஒட்டுவது, அதைச் சுவாசிக்கப்போகிறவரின் வேலை. கடைக்காரர் அளந்தாரே என்று விட முடியாது. கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டருக்கும் சிலிண்டரில் இருப்பது என்னவென்று தானாகத் தெரியாது. அனலைசர் காட்டிய எண்ணை நாம் பதிந்தால்தான் அது சரியான நேரத்தைக் கணக்கிடும்.