தெளிந்த நீரும் கலங்கிய நீரும்

அணை எதற்கு என்று வகுப்பில் கேட்டால், பாசனம், வெள்ளத் தடுப்பு, மின்னாக்கம் என மாணவர் உடனே விடை கூறுவர். அது எவ்வாறு நிலைத்து நிற்கிறது என்று கேட்டால் தயங்குவர். ஆசிரியப் பணியில் நான் பலகாலும் கண்டது இது.

இம்மூன்று பயன்களையும் கருதியே அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், டீட்டன் ஆற்றின் குறுக்கே ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள மண்ணணை எழுந்தது. அதில் முதன்முறையாக நீர் நிரம்பிவந்தபோதே, 1976 ஜூன் 5-ஆம் தேதி அது உடைந்தது.

மண்ணணையில் நீர் சிறிது கசிவது இயல்பு. கசியும் நீர் கலங்கி வருமாயின், அணையின் மண்ணே கரைகிறது என்பது பொருள். ஜூன் 3-ஆம் தேதி அணைக்குக் கீழே காணப்பட்ட ஊற்றுகள் தெளிந்திருந்தன. 5-ஆம் தேதி காலையில், வலக்கரை ஓரமாக வெளிவந்த நீரோ கலங்கியிருந்தது. துளையை அடைக்க முயன்ற இரண்டு புல்டோசர்கள் அதனுள் வீழ்ந்தன. ஓட்டியவர்கள் உயிர் தப்பினர். நண்பகலுக்குச் சற்று முன் அணை பிளந்தது. பதினொருவர் மாண்டனர்.

காரணம் யாது? கரைப்பாறையின் வெடிப்புகள் முற்றும் அடைக்கப்படவில்லை. அவற்றையொட்டி இட்ட நுண்மண் எளிதில் அரிபடுவது. நீரை விரைந்து வெளியேற்றும் முதன்மை வழியும் அன்று பயன்பாட்டுக்கு வரவில்லை. அணைப் பாதுகாப்புக்கென 1978-இல் அந்நாடு தனிச்சட்டம் இயற்றியது.

மாணவர்களே! அணையின் உயரத்தைக் கண்டு வியக்கும்போது, அதன் அடிவாரத்தில் கசிவை நாள்தோறும் அளந்து குறிக்கும் பணியாளரையும் நினையுங்கள். அணையின் பயன்கள் யாவும் அவருடைய விழிப்பைச் சார்ந்தே நிற்கின்றன.