மெஷினில் கை சிக்கினால் ஓனர்தான் பணம் தரணுமா? எந்த வாதம் செல்லும், எது செல்லாது?

விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் மண் அரைக்க பால் மில், பிசைய பக் மில். கொஞ்சம் அசந்தாலும் கை போயிடும். விபத்து நடந்து இழப்பீடு கேட்டு வழக்கு வந்தால், "எங்க மேல தப்பே இல்லை" என்பதுதான் பல நிறுவனங்களின் முதல் பதில். ஆனா அந்தப் பதில் மட்டும் செல்லாது.

ஏன் செல்லாது?

வேலை நேரத்தில், வேலை காரணமாகக் காயம் பட்டாலே இழப்பீடு உண்டு. தப்பு யாருடையது என்று சட்டம் பார்ப்பதில்லை. 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் அமலான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

எந்த வாதம் எடுபடும்?

* காயத்துக்கும் வேலைக்கும் தொடர்பில்லை.

* பாதிப்பு 3 நாளைத் தாண்டவில்லை.

* விபத்துக்கு நேரடிக் காரணம் தொழிலாளியின் போதை, அல்லது பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, அல்லது மெஷின் கார்டை வேண்டுமென்றே கழற்றியது.

மூன்றாவது வாதத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு. உயிரிழப்பு அல்லது நிரந்தர முழு ஊனம் என்றால் இதைச் சொல்லித் தப்ப முடியாது. வெறும் கவனக்குறைவும் போதாது. "வாயால சொன்னேன்" என்பதை நிரூபிப்பது கஷ்டம். எச்சரிக்கை போர்டு, பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தால்தான் வாதம் நிற்கும்.

இஎஸ்ஐ இருந்தால்?

10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைகளில், மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குவோருக்கு இஎஸ்ஐ உண்டு. அவர்களுக்கான இழப்பீட்டை இஎஸ்ஐ கழகம்தான் தரணும். ஓனர் மேல் தனியாக இழப்பீட்டு வழக்கு போட முடியாது.

பாரகத் இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. சந்தா விபத்துக்கு முன் கட்டினார்களா, பின் கட்டினார்களா என்பது முக்கியமில்லை. இறந்தவர் காப்பீடு பெற்றவர்தான் என்றது. நிறுவனம் மீதான வழக்கு நிற்கவில்லை. ஆனா குடும்பத்துக்கு உரிய பலன் இஎஸ்ஐ மூலம் உறுதியானது. சந்தா கட்டாத ஓனரும் தப்ப முடியாது. அந்தச் செலவை கழகம் அவரிடமே வசூலிக்கும்.

சின்னப் பட்டறைகள் கவனிக்க!

10 பேருக்குக் குறைவு என்றால் பொறுப்பு நேராக ஓனருக்குத்தான். அதற்கென உள்ள இன்சூரன்ஸ் பாலிசி கைகொடுக்கும். செல்லாத வாதத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்தடித்தால் ஒரு மாதத்துக்குப் பிறகு 12% வட்டி, கூடவே 50% வரை அபராதமும் சேரலாம்.